வரிசை ஆறு – பகுதி 9: லாரிக்குப் பிறந்து காரில் அமர்ந்தது

சென்ற வாரம் எங்கே விட்டோம்?

1929. நாலு சிலிண்டர் கார் விற்கிற விலைக்கே ஆறு சிலிண்டர் தருகிறோம் என்று சொல்லி செவர்லே ஓர் எஞ்சினைச் சந்தையில் இறக்கியது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். வால்வுகள் தலைமேல். உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு, பிஸ்டன்கூட வார்ப்பிரும்புதான். கொள்ளளவு 194 கன அங்குலம், லிட்டரில் சொன்னால் 3.2. தலையில் காடி வெட்டிய அதன் போல்ட்டுகளைப் பார்த்தவர்கள், இது அடுப்பில் முடுக்குகிற போல்ட்டாயிற்றே என்று கேலி செய்தார்கள். கேலிப் பெயர் ஒட்டிக்கொண்டது: ஸ்டவ்போல்ட்.

அந்த அடுப்பு போல்ட் எங்கெல்லாம் போயிற்று என்றும் பார்த்தோம். பம்பாய் சேவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் தொடங்கிய ஆலையில் பூட்டப்பட்ட கார்களிலும் லாரிகளிலும் அது வந்தது. மதுரை டி.வி.எஸ். வழியாகத் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறங்கியது. ஜப்பானில் டொயோட்டா அதைப் பிரித்துப் பார்த்து, 1930களின் நடுவில் தன் முதல் எஞ்சினை அதன் அச்சிலேயே வார்த்தது; அந்த ஒரே எஞ்சினை ஏ1 காரிலும் வைத்தது, ஜி1 லாரியிலும் வைத்தது.

1937இல் செவர்லே எஞ்சினைப் புதிதாக வரைந்தார்கள். கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றிலிருந்து நான்கானது, கொள்ளளவு 216. நான்கு ஆண்டு கழித்து, 1941இல், பெரிய லாரிகளுக்கென்றே அதைப் பெருக்கி 235 ஆக்கினார்கள்.

கார் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம் என்று கோடு கிழித்தாயிற்று. இந்த வாரக் கதை அந்தக் கோடு அழிந்த கதை.

அழிந்த இடம் டொராண்டோவுக்குக் கிழக்கே 60 கிலோமீட்டரில் இருக்கும் ஓஷாவா. அழித்தது எஞ்சினியரின் பென்சில் மட்டும் இல்லை. சுங்க அதிகாரியின் பேரேடும்தான்.

*

ஓஷாவாவுக்குப் போகுமுன் ஒரு சின்ன முன்னோட்டம்.

1950ஆம் ஆண்டு மாடலில் செவர்லே தன் காருக்கு பவர்கிளைடு என்ற தானியங்கி கியரைக் கொடுத்தது. மலிவு விலைக் கார்களில் அது அன்றைக்குப் பெரிய சங்கதி. கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம். ஆனால் அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. எஞ்சின் தரும் சக்தியில் ஒரு பங்கை, கியர்ப்பெட்டிக்குள் சுழலும் எண்ணெயே தின்றுவிடும்.

216 எஞ்சின் இதைத் தாங்காது. 92 குதிரைசக்தி வைத்துக்கொண்டு அது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. புது எஞ்சின் வரையப் பணமும் நேரமும் வேண்டும். அலமாரியில் என்ன இருக்கிறது? லாரியின் 235 இருக்கிறது.

எடுத்தார்கள். முக்கியமாக, வால்வைத் தூக்கிவிடும் டேப்பட்டை மாற்றினார்கள். லாரியில் இருந்தது கெட்டியான இரும்பு டேப்பட். காருக்கு எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் டேப்பட். 105 குதிரைசக்தியோடு அது காருக்குள் உட்கார்ந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பானட்டுக்கடியில் இருப்பது லாரியின் வாரிசு என்று தெரிந்திருக்கும்?

அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் உள்ளுக்குள் இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை இந்த எஞ்சினுக்கு எண்ணெய் போட்ட முறை பழங்காலத்தது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறிய கரண்டி. ராட் கீழே வரும்போதெல்லாம் அது எண்ணெயை வாரிக்கொண்டு மேலே போகும். பேரிங்கும் உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம். தேய்ந்தால் மறுபடி ஊற்றிக் கடைய வேண்டும், அதற்குக் கை பழகிய ஆள் வேண்டும். 1953இல் பவர்கிளைடு காருக்கும், 1954இல் மற்ற எல்லாவற்றுக்கும் பம்பு அழுத்தத்தில் எண்ணெய் வந்தது. கழற்றி மாட்டும் பேரிங் வந்தது. அலுமினிய பிஸ்டன் வந்தது.

இந்த மாற்றம் இல்லையென்றால் இனிச் சொல்லப்போகும் கதையே இல்லை. கரண்டியால் வாரிய எண்ணெயை நம்பி ஓர் எஞ்சினை ஓரளவுக்கு மேல் பெருக்க முடியாது.

1953இல் அதே 235இன் பக்கவாட்டில் மூன்று கார்புரேட்டரை வரிசையாக வைத்து, கேமை மாற்றி, 150 குதிரைசக்தி எடுத்து, கார்வெட் என்ற விளையாட்டுக் காரில் வைத்தார்கள். முதல் ஆண்டில் 300 கார்தான் செய்தார்கள். இன்று ஏலத்தில் வைரம்போல விலைபோகிற அந்தக் கார்களின் எஞ்சினுக்குத் தாத்தா, 1941இல் மூட்டை சுமந்த லாரி. கார்வெட் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சொல்லத்தான் வேண்டும்.

*

1954.

இப்போது லாரிக்காரர்கள் முறை. கார்களுக்கு எஞ்சின் கொடுத்துக் கொடுத்து, தங்களுக்கு என்ன மிச்சம்?

இரண்டு டன் செவர்லே லாரியில் 235 எஞ்சின் 112 குதிரைசக்திதான் கொடுத்தது. எதிரே ஃபோர்டு லாரிகளில் வி-8. மரம் ஏற்றி, சரளை ஏற்றி, தானியம் ஏற்றி மேடு ஏறுகிற ஓட்டுநருக்கு அந்த வித்தியாசம் தொடையில் தெரியும். கியரை இறக்கி இறக்கிக் கைவலி காணும்.

செவர்லே எஞ்சினியர்கள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கைத் தொடவில்லை. அது 3 15/16 அங்குலத்திலேயே நின்றது. சிலிண்டர் துளையின் விட்டமான போரை மட்டும் 3 9/16இலிருந்து 3 3/4 அங்குலமாக்கினார்கள். ஒரு அங்குலத்தில் 16இல் 3 பங்கு. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 235 கன அங்குலம் 261 ஆகிவிடுகிறது. லிட்டரில் 4.3. நம் அம்பாசடர் எஞ்சின் 1,489 சி.சி.; ஏறக்குறைய மூன்று அம்பாசடரை ஒரே பிளாக்கில் அடைத்த அளவு.

துளை பெரிதானால் சுவர் மெலியும். சிலிண்டர்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்ததால் அவற்றுக்கு நடுவே தண்ணீர் போக இடம் குறைந்தது. அங்கே சூடு தங்கும். தண்ணீர் ஆவியாகிக் குமிழ் கட்டும். குமிழ் நின்ற இடத்தில் இரும்பு காயும், காய்ந்த இரும்பு விரியும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஜோடிச் சிலிண்டர்களின் நடுவே, பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குச் சிறு துளைகள். ஆவி மேலே ஏறிப் போய்விடும். பார்க்க அற்பமான துளை. இன்றைக்கும் பழைய 235இன் ஹெட்டைத் தூக்கி 261 பிளாக்கில் வைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஹெட்டில் அந்தத் துளைகளைப் போடுவதுதான். மறந்தவர்களுக்கு ஹெட் கேஸ்கட் நினைவுபடுத்தும்.

புது எஞ்சினுக்கு ஜாப்மாஸ்டர் என்று பெயர். 135 குதிரைசக்தி. 235ஐவிட 23 கூடுதல். கெட்டி டேப்பட். பெரிய லாரிகளுக்கு விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 261இன் கதை இங்கேயே லாரியோடு நின்றுவிட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே 1955 மாடல் செவர்லே கார், புத்தம்புதிய 265 கன அங்குல வி-8 எஞ்சினோடு வந்துவிட்டது. வேகம் வேண்டியவன் வி-8 வாங்குவான், சிக்கனம் வேண்டியவன் 235 வாங்குவான். நடுவே லாரி எஞ்சினைக் காரில் வைக்க அங்கே எந்த அவசியமும் இல்லை. அமெரிக்கக் கார் எதிலும் 261 வரவே இல்லை.

எல்லைக்கு வடக்கே கணக்கு வேறு மாதிரி இருந்தது.

*

கனடாவின் மக்கள்தொகை அன்று அமெரிக்காவினுடையதில் பத்தில் ஒரு பங்கு. கார்ச் சந்தையும் அவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவர்கள் அமெரிக்கப் பத்திரிகைகளைப் படித்தார்கள். டெட்ராய்ட்டில் கிடைப்பதெல்லாம் இங்கேயும் வேண்டும் என்றார்கள்.

கொண்டுவந்து விற்கலாம். ஆனால் அமெரிக்காவிலிருந்து முழுக் காராக வந்தால் 17.5 சதவீதம் சுங்கவரி. 1936இல் வைத்த விகிதம் அது. அதோடு இன்னொரு கொக்கியும் இருந்தது. கனடாவில் செய்யப்படாத உதிரிபாகங்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் அதற்கு, காரின் செலவில் குறிப்பிட்ட பங்கு கனடாவிலோ பிரிட்டிஷ் காமன்வெல்த் நாடுகளிலோ ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 20,000 வண்டிக்கு மேல் செய்யும் பெரிய நிறுவனத்துக்கு அந்தப் பங்கு 60 சதவீதம்.

ஒரு காரில் அதிகப் பணம் முழுங்குகிற பாகங்களில் ஒன்று எஞ்சின். ஆகவே எஞ்சினைக் கனடாவில் வார்த்துவிட்டால் அந்த 60 சதவீதத்தை நோக்கி ஒரு பெரிய அடி வைத்தாயிற்று. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு எஞ்சின் வார்க்க இந்தச் சந்தை போதாது. ஒரே எஞ்சினை எத்தனை பெயரில் விற்க முடியுமோ அத்தனை பெயரில் விற்க வேண்டும்.

இந்த நெருக்கடி பெற்றுப்போட்ட பிள்ளைதான் கனடாவின் பான்டியாக்.

வெளியே பார்த்தால் பான்டியாக். முகப்பு பான்டியாக், பட்டை பான்டியாக், உள்ளலங்காரம் பான்டியாக். அடியில் சட்டம் செவர்லே. 1955இல் அமெரிக்க பான்டியாக்கின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைந்தது 122 அங்குலம். ஓஷாவாவில் செய்த பாத்ஃபைண்டர் மாடலுக்கு 115 அங்குலம், அச்சு அசல் செவர்லே அளவு. வாடிக்கையாளர்களில் பலருக்கு இது தெரியும், கவலைப்படவில்லை. செவர்லேவைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து, தெருவில் செவர்லேக்காரனைவிடக் கொஞ்சம் உயர்ந்து தெரிவது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

1954 வரை இந்தக் கனடா பான்டியாக்கில் பழைய பான்டியாக் ஆறு இருந்தது. 239 கன அங்குலம், வால்வு பக்கவாட்டில். நல்ல எஞ்சின், ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்க பான்டியாக் 1955 மாடலில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எல்லாக் காரிலும் சொந்த வி-8ஐ வைத்தது. ஆறு சிலிண்டர் என்ற பேச்சே அங்கே இல்லை.

ஓஷாவா என்ன செய்யும்?

பான்டியாக்கின் சொந்த வி-8ஐ இங்கே வார்ப்பதென்றால் தனி அச்சு, தனி இயந்திர வரிசை, தனி உதிரிபாகம். விற்பனை அதற்குத் தாங்காது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தால் உள்நாட்டுப் பங்கு சரியும். செவர்லே வி-8ஐ வைக்கலாம், வைத்தார்கள். ஆனால் கனடாவில் ஆறு சிலிண்டர் கேட்கிறவர்கள் ஏராளம். பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர்கள், குளிர்காலத்தில் எளிதாகப் பழுதுபார்க்கக்கூடிய எஞ்சின் வேண்டுபவர்கள், பிரெய்ரி விவசாயிகள். அவர்களுக்குச் செவர்லேவின் 235 எஞ்சினையே கொடுத்தால்? பிறகு எதற்கு அவர்கள் பான்டியாக்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும்?

வியாபாரிகள் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. கனடாவில் ஜெனரல் மோட்டார்ஸ் கடைகள் இரண்டு முகாம். ஒன்றில் செவர்லே, ஓல்ட்ஸ்மொபீல். இன்னொன்றில் பான்டியாக், பியூக், ஜி.எம்.சி. லாரி. ஒரே ஊரின் ஒரே தெருவில் இரண்டும் எதிரெதிரே நிற்கும். பான்டியாக் கடைக்காரனுக்கு எதிர்க் கடையில் கிடைக்காத ஒன்று கையில் வேண்டும்.

அது லாரிப் பிரிவின் அலமாரியில் தயாராக இருந்தது. செவர்லே சட்டத்தில் அப்படியே உட்காரும். 235 நிற்கிற அதே இடத்தில் நிற்கும், அதே ஸ்ட்ரோக். 26 கன அங்குலம் கூடுதல்.

1955 மாடல் கனடா பான்டியாக்கின் ஆறு சிலிண்டர், 261 ஆனது.

தெற்கே மூட்டை சுமக்கும் எஞ்சின், வடக்கே குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அழைத்துப்போனது. என் பார்வையில், இந்த வரிசை ஆறின் நீண்ட வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான முடிவு இதுதான். துணிச்சல் என்றால், வேறு வழியில்லாதவனின் துணிச்சல்.

*

சரி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் வைத்துப் பார்ப்போம். இடது பக்கம் ஜாப்மாஸ்டர். வலது பக்கம் பான்டியாக் எஞ்சின். போர் ஒன்று, ஸ்ட்ரோக் ஒன்று. கிராங்குக்கு நான்கு மெயின் பேரிங், இரண்டிலும். அழுக்கைத் துடைக்காமல் பார்த்தால் எது எது என்று தேர்ந்த மெக்கானிக்கும் சட்டென்று சொல்லமாட்டார்.

வால்வு மூடியைக் கழற்றினால் கதை தொடங்கும்.

லாரி எஞ்சினில் டேப்பட் கெட்டி இரும்பு. வால்வுக்கும் அதன் மேலே அடிக்கும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டிருக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஃபீலர் கேஜை நுழைத்து அந்த இடைவெளியை அளந்து திருக வேண்டும். தேயத் தேய இடைவெளி கூடும், "டேப்பட் அடிக்குது" என்று நம் ஊர் ஓட்டுநர் சொல்லும் அந்தக் கிளிக் கிளிக் ஓசை வரும். லாரி ஓட்டுபவருக்கு அது தொந்தரவே இல்லை. சொல்லப்போனால் ஆறுதல். சத்தம் கேட்கிறவரை வால்வு சரியாக மூடுகிறது என்று அர்த்தம்.

பான்டியாக்கில் டேப்பட்டுக்குள் ஒரு குட்டிப் பிஸ்டன். எஞ்சின் எண்ணெய் அதற்குள் புகுந்து, இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். கேஜ் வேண்டாம், திருக வேண்டாம், ஓசையும் இல்லை. சீமாட்டி ஏறுகிற காரில் கிளிக் கிளிக் சத்தம் வரக்கூடாதே.

அப்படியென்றால் லாரிக்கும் ஹைட்ராலிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஹைட்ராலிக் டேப்பட் சுத்தமான எண்ணெயை நம்பி வாழ்கிறது. லாரியின் எண்ணெய் நாள் முழுக்க வறுபடும். சரளைக்குழியின் தூசி படும். மாற்ற வேண்டிய நாளில் மாற்றமாட்டார்கள். அழுக்கு அந்தக் குட்டிப் பிஸ்டனில் சிக்கினால் வால்வு ஒழுங்காகத் திறக்காது. கெட்டி டேப்பட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

டேப்பட் மாறினால் கேமும் மாறும். கெட்டி டேப்பட்டுக்கு உரிய கேமின் மேடு, இடைவெளியை முதலில் மெல்ல மூடிவிட்டுப் பிறகு வால்வைத் தூக்குமாறு கடையப்பட்டிருக்கும். ஹைட்ராலிக்குக்கு அந்த மெல்லிய தொடக்கம் தேவையில்லை. இன்றும் பழைய எஞ்சின் கட்டுகிறவர்கள் இடறி விழுகிற இடம் இது: லாரிக் கேமை வைத்துக்கொண்டு கார் டேப்பட்டைப் போட்டுவிடுவார்கள். கேமும் டேப்பட்டும் ஜோடி. பிரிக்கக்கூடாது.

எஞ்சினுக்கு வெளியே வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. லாரியில் அகலமான கிளட்ச், நான்கு கியர்; முதல் கியர் ஆள் நடக்கிற வேகத்தில் மலையையே இழுக்கும். பின் அச்சில் எஞ்சின் பக்கத் தண்டு ஆறு சுற்றுக்கும் மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. காரில் மூன்று கியர் அல்லது பவர்கிளைடு. தண்டு மூன்றரை, நான்கு சுற்றுக்குள் சக்கரம் ஒரு சுற்று வந்துவிடும். அதே எஞ்சின் லாரியில் மணிக்கு 45 மைலில் அலறும், காரில் அதே வேகத்தில் முணுமுணுக்கும்.

ஆகவே "லாரி எஞ்சின் என்றால் பலமானது, கார் எஞ்சின் என்றால் பூஞ்சை" என்ற பேச்சு இந்த இரண்டுக்கும் பொருந்தாது. இரும்பின் அளவு ஒன்றே. வித்தியாசம் வேலையில். கார் முழு ஆக்ஸிலேட்டரில் ஓடுவது சில நொடிகள், ஒரு முந்தலுக்கு. லாரி முழு ஆக்ஸிலேட்டரில் பத்து நிமிடம் மேடு ஏறும். ஒன்றில் ஓசை குற்றம், இன்னொன்றில் நிற்பது குற்றம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

எந்த எஞ்சின் எதற்கு என்பதை அவசியம்தான் தீர்மானிக்கும் என்று யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் அரிதானபோது, கார்புரேட்டரில் துளி பெட்ரோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஆஸ்டின்களையும் மொரிஸ்களையும் ஓட்டியவர்கள் அவர்கள். அந்தக் கார்களின் கையேட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கவில்லை.

*

1955 செப்டம்பர். புதிய எஞ்சின் வந்து ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. 1956 மாடல் வெளிவர வேண்டிய பருவம்.

ஓஷாவாவில் ஆலை நின்றது.

விண்ட்சரில் நின்றது. எஞ்சின் பாகங்கள் செய்யும் செயின்ட் கேதரின்ஸில் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் தொழிலாளர் சுமார் 17,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிர்வாகம் சில வாரங்களில் முடியும் என்று நினைத்தது. குளிர் வந்தது. கிறிஸ்துமஸ் வந்து போனது. பனியில் வாசலில் நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். 148 நாள். 1956 பிப்ரவரியில்தான் முடிந்தது.

எஞ்சினின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த 148 நாளைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுங்கச் சட்டம் 60 சதவீதம் என்று எழுதிவைத்தால், அந்த 60 சதவீதத்தை வார்த்து, கடைந்து, முடுக்கியவர்கள் இவர்கள்தான். இந்த நாட்டுக்கென்று ஒரு தனி பான்டியாக் இருந்ததே இவர்கள் கையால்.

*

இனி, அந்தக் கார்கள் ஓடிய டொராண்டோவின் பார்க்டேல் பேட்டை.

1955இல் பார்க்டேலின் தென்விளிம்பு ஒன்டாரியோ ஏரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேற்கே சன்னிசைடு கேளிக்கைப் பூங்கா. தென்கிழக்கே, டஃபரின் வாசலுக்குள் நுழைந்து நடந்தால், கண்காட்சி மைதானத்தில் ஆட்டோமோட்டிவ் கட்டடம். கட்டடக்கலைஞர் டக்ளஸ் கெர்ட்லேண்ட் வரைந்து 1929இல், ஆறு சிலிண்டர் செவர்லே சந்தைக்கு வந்த அதே ஆண்டில் திறந்தது. கார்க் கண்காட்சிக்கென்றே கட்டியது. உலகப்போரின்போது கார்களை வெளியேற்றிவிட்டுக் கடற்படை அதை எச்.எம்.சி.எஸ். யார்க் என்ற பயிற்சி நிலையமாக்கியது. போர் முடிந்ததும் கார்கள் திரும்பின. குயின் தெருவிலிருந்து நடந்தே போய்ப் புதுக் கார் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பேட்டைக்கு வாகாக அமைந்தது.

பார்க்கப் போனவர்களின் வீட்டையே கார் வந்து கேட்டது.

அந்த 1955இலேயே சன்னிசைடு மூடப்பட்டது. டொராண்டோ பெருநகரத் தலைவர் ஃபிரெடரிக் கார்டினர், ஏரிக்கரையோரம் விரைவுச்சாலை வேண்டும் என்று உறுதியாக நின்றார். சாலை வந்த வழியில் தெற்குப் பார்க்டேல் இருந்தது. ஒன்றரை நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. தெருக்கள் பாதியில் அறுந்தன. ஏரி, நடந்துபோகும் தூரத்திலிருந்து, சாலைக்கு அப்பால் தெரியும் காட்சியாக விலகிப்போனது.

1958 ஆகஸ்ட் 8. ஒன்டாரியோ முதல்வர் லெஸ்லி ஃபிராஸ்ட்டும் கார்டினரும் முதல் பகுதியைத் திறந்துவைத்தார்கள். ஹம்பர் ஆற்றிலிருந்து ஜேம்சன் அவென்யூ வரை. அதற்கு மேல் சாலை இல்லை. மேற்கிலிருந்து பறந்து வந்த கார்கள் அத்தனையும் பார்க்டேலின் வாசலில் வந்து இறங்கின.

இந்தச் சாலைக்காகவே செய்தது போலிருந்தது 261. வி-8 அளவுக்குச் சீறாது. ஆனால் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால், கியர் இறக்காமல், தாழ்ந்த சுற்றிலேயே இழுத்துக்கொண்டு போகும். மேடு ஏறுவதற்காகக் கொடுத்த இழுவை, சமதளத்தில் சோம்பேறித்தனமான சுகமாக மாறியது. அந்த ஆண்டு பான்டியாக்கின் மலிவு மாடலுக்கு ஸ்ட்ராட்டோ சீஃப் என்று பெயர் வைத்தார்கள். மேலே லாரென்ஷியன், அதற்கும் மேலே பாரிசியன். லாரென்ஷியன் என்பது கியூபெக் மலைத்தொடரின் பெயர். அன்று அமெரிக்காவில் இந்தப் பெயர்களில் பான்டியாக் கிடையாது.

இடிந்த வீடுகளின் வடக்கே, ஜேம்சனின் பழைய மாளிகைகளும் ஒவ்வொன்றாக விழுந்து அடுக்குமாடிகள் எழுந்தன. பிற்பாடு நம்மவர் குடும்பங்கள் பல கனடாவில் முதல் குளிர்காலத்தைக் கழித்த கட்டடங்கள் அவை. அந்த அடுக்குமாடிகளின் பிறப்புக்கும் விரைவுச்சாலைக்கும் உறவு உண்டு. சாலைக்கும் காருக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை.

*

1959இல் ஒரு வேடிக்கை நடந்தது.

அமெரிக்க பான்டியாக் தன் சக்கரங்களை வெளியே அகலத் தள்ளி, "வைட் டிராக்" என்று விளம்பரம் செய்தது. அகலமான நிற்பு, அசையாத ஓட்டம். பத்திரிகைகள் எல்லை தாண்டி வந்தன, கனடாக்காரர்கள் படித்தார்கள், கடைக்குப் போனார்கள். அங்கே இருந்த பான்டியாக்கின் அடியில் பழையபடி செவர்லே சட்டம். பரந்த உடம்புக்குக் கீழே சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நின்றன. பெரிய மனிதர் சின்னச் செருப்புப் போட்டது போல.

கனடாக்காரர்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். காரணம் எளிது: விலை கட்டுப்படியானது, எஞ்சின் உழைத்தது.

ஆனால் கணக்குப்பிள்ளைகள் சிரிக்கவில்லை. அமெரிக்காவுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று என்று இரட்டைக் கார் செய்வதில் செலவு ஏறிக்கொண்டே போனது. இறக்குமதி ஐரோப்பியக் கார்கள், முக்கியமாக பிரிட்டிஷ் கார்களும் ஃபோக்ஸ்வாகனும், சந்தையைத் தின்றன. 1960இல் டொராண்டோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் வின்சென்ட் பிளேடனிடம் அரசு ஒரு விசாரணையை ஒப்படைத்தது: கனடாவின் கார்த் தொழிலை என்ன செய்வது? 1961இல் அறிக்கை வந்தது. இரு நாட்டுக்கும் தனித்தனியாகக் குட்டி குட்டியாகச் செய்வதை விட்டுவிட்டு, பெரிய அளவில் சேர்ந்து செய்யும் பாதையை அது காட்டியது.

அதற்குள் எஞ்சினுக்கும் வயதாகிவிட்டது. செவர்லே புதிதாக இன்னொரு வரிசை ஆறை வரைந்து முடித்திருந்தது. கிராங்குக்கு நான்குக்குப் பதில் ஏழு மெயின் பேரிங், மெல்லிய வார்ப்பு, குறைந்த எடை. 1929இல் தொடங்கிய அடுப்பு போல்ட் குடும்பத்தோடு அதற்குப் பாகம் எதுவும் பொதுவில்லை. 1962 மாடலோடு கனடா பான்டியாக்கில் 261 முடிந்தது.

ஏழு ஆண்டுக்கு மேல் லாரி எஞ்சினைக் காரில் உட்காரவைத்தது எஞ்சினியரின் கனவல்ல, 17.5 சதவீதம் என்ற ஓர் எண். அந்த எண் இருந்தவரை ஓஷாவாவுக்குத் தனி பான்டியாக் தேவைப்பட்டது. 1965 ஜனவரி 16 அன்று டெக்சாஸில், ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் பண்ணை வீட்டில், கனடாப் பிரதமர் லெஸ்டர் பியர்சன் இரு நாட்டுக் கார் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கார் நிறுவனங்களுக்கு அந்த எண் அழிந்தது.

சுங்கவரியால் பிறந்த கார், சுங்கவரி போனபின் பிழைத்ததா? அடுத்த வாரம்.